முன்சக்கரத்தில் கை வைக்கலாம்

“ஆயில் மாற்றுங்கள், ஏர் ஃபில்டர் மாற்றுங்கள், பேட்டரியைக்கூட நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். முன்சக்கரத்துப் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது உயிர் விஷயம். கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட வேண்டும்.” சென்னையில் நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வைத்திருக்கும் எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க முடியாது. சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் இருப்பவர் சொல்கிறார். அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் சொல்கிறார். பானட்டைத் திறந்தே பார்த்திராதவர் எல்லோரையும்விட உறுதியாகச் சொல்கிறார்.

இதில் முதல் பாதி உண்மை. முன்சக்கரம் உயிர் விஷயம்தான். இரண்டாம் பாதியை நான் மறுக்கிறேன். தேய்ந்துபோன பால் ஜாயின்ட்டை, உரிய கருவிகளோடு, சமதளத் தரையில், அந்த வண்டிக்கான மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் தன் வீட்டிலேயே மாற்றலாம். ஒழுங்காகச் செய்தால் அது எந்த ஒர்க்‌ஷாப் வேலைக்கும் குறைந்ததாக இருக்காது. அதோடு நிற்கவில்லை என் மறுப்பு. ‘கை வைக்காதே’ என்ற அந்த அறிவுரைதான் ஆட்டம் கண்ட ஜாயின்ட்டுகளோடு வண்டிகளை நம் சாலைகளில் ஓடவிடுகிறது என்றும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பொருள் என்ன என்று பார்த்துவிடுவோம். உருண்டைத் தலை கொண்ட ஓர் எஃகுத் தண்டு. அந்தத் தலை உட்கார ஒரு கிண்ணம். இரண்டுக்கும் நடுவே வழவழப்பான ஓர் உறை, கொஞ்சம் கிரீஸ், எல்லாவற்றையும் மூடிக் காக்க ஒரு ரப்பர் உறை. நம் இடுப்பு மூட்டின் அமைப்புதான். ஒரு பக்கம் கன்ட்ரோல் ஆர்ம், மறுபக்கம் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறவும், ஸ்டியரிங்குக்கு ஏற்பத் திரும்பவும் இந்த மூட்டுதான் வழிவிடுகிறது. பக்கத்துக்கு இரண்டு: மேல் ஆர்மில் ஒன்று, கீழ் ஆர்மில் ஒன்று. ஸ்பிரிங் கீழ் ஆர்மின் மேல் உட்காரும் வண்டிகளில் முன்பக்கத்து எடை கீழ் ஜாயின்ட் வழியாகத்தான் சக்கரத்துக்கு இறங்குகிறது. அந்தத் தண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றால் சக்கரம் மடங்கி விழும். எண்பதில் போகும்போது அப்படி நடந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவற்றின் முன் ஆக்ஸில் ஒரே கட்டை. சக்கரம் திரும்பியது பிவட் பின்னிலும் பேரிங்கிலும். சாலையில் சொகுசாகப் போக வேண்டும் என்று நாம் கேட்டதால் முன்சக்கரங்கள் தனித்தனி ஆர்ம்களுக்கு மாறின. 2010-இல் வந்த மஹிந்திரா தார் முறுக்குத் தண்டு ஸ்பிரிங்கோடு அப்படி வந்தது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016-இல் திறந்த தொழிற்சாலையிலிருந்து வரும் இசுஸு வி-கிராஸ் காயில் ஸ்பிரிங்கோடு அப்படி வந்தது. சொகுசு வந்த வழியில் தேய்மானமும் வந்தது. கனமான வண்டி, அகலமான டயர், முன்பக்கமும் இழுக்கும் டிரைவ் ஷாஃப்ட். இத்தனையையும் தாங்குவது கைக்குள் அடங்கும் ஒரு மூட்டு.

அந்த மூட்டைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். ரப்பர் உறையில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் போதும். கிரீஸ் வெளியே கசியும், மண்ணும் நீரும் உள்ளே போகும். பிறகு அந்த உருண்டை எண்ணெயில் சுழலாது, தேய்ப்புத்தாளில் சுழலும். கிண்டியிலும் வேளச்சேரியிலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பகுதி எப்படிக் கிடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். அப்போது தேங்கிய நீரில் துணிந்து இறங்கியவை உயரமான பிக்கப்புகளும் ஜீப்புகளும்தான். நீர் வடிந்ததும் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிற்றா, சீட் நனைந்ததா என்று பார்த்தார்கள். கீழே குனிந்து நான்கு ரப்பர் உறைகளைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இது சென்னைக்கு மட்டுமே உரிய சங்கதி என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 2004 டிசம்பரில் அமெரிக்காவில் டெய்ம்லர்கிரைஸ்லர் கம்பெனி, டாட்ஜ் டகோட்டா, டாட்ஜ் டுராங்கோ வண்டிகளில் சுமார் 6 லட்சத்தைத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது. காரணம், மேல் பால் ஜாயின்ட். உறைக்குள் நீர் புகுந்து ஜாயின்ட் தேய்ந்து, சக்கரம் பிரியும் நிலை. அந்தக் கோளாறு வெளியே வந்ததில் வண்டி ஓட்டியவர்கள் அரசிடம் கொடுத்த புகார்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்டத்தை முதலில் உணர்பவர் ஸ்டியரிங்கில் கை வைத்திருப்பவர்தான். உங்கள் வண்டிக்கும் அதே கதைதான்.

இங்கிருந்துதான் என் முதல் மறுப்பு தொடங்குகிறது. ‘ஆபத்து, ஆகவே தொடாதே’ என்பவர்கள் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஜாயின்ட்டை மாற்றும் வேலையில் ஆபத்து உண்டு, அதைப் பின்னால் பேசுகிறேன். ஆனால் சக்கரம் கழன்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் எவரும் பார்க்காமலே விட்டதுதான். பால் ஜாயின்ட் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் உறுப்பு அன்று. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம். நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு முனகல். முன் டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்தல். நேர் சாலையில் வண்டி ஒருபக்கம் அலைதல். இவையெல்லாம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வரும் அறிகுறிகள். முன்பக்கம் நமக்குச் சம்பந்தமில்லாத இடம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட உரிமையாளர் இந்தச் சத்தத்துக்கு ரேடியோவின் ஒலியைக் கூட்டுகிறார். அடுத்த சர்வீஸுக்கு இன்னும் 3,000 கிலோமீட்டர் இருக்கிறது, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்கிறார்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவு, பிறருக்கு ஆபத்து தரும் கோளாறு உள்ள வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. கோளாறு தெரிந்திருந்தால் மட்டும் குற்றம் என்று அது சொல்லவில்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம்தான். அந்தக் கவனத்தைச் சட்டம் கேட்பது வண்டியை ஓட்டுபவரிடம், ஓட்டவிடுபவரிடம். பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டு, பார்க்கவும் தொடவும் உனக்குத் தகுதியில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

அந்தக் கவனம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை அருகில் இருந்து பாருங்கள். கிண்டியில் எங்கள் அபார்ட்மென்ட்டின் தரைத்தளப் பார்க்கிங். கியர் நெம்புகோல் நியூட்ரலில் இல்லை, ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறது, பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர் போட்டும் வண்டி நகரும் என்பதால் அது இரு சக்கர இழுவையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நான்கு சக்கர வண்டிக்காரர்கள் மறக்கக் கூடாத பாடம் இது. ஜாக்கியைச் சேசிஸுக்கு அடியில் வைக்காமல் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைக்கிறோம். இடத்தைப் பொறுத்து விடை மாறும் என்பதே காரணம். முறுக்குத் தண்டு ஸ்பிரிங் உள்ள வண்டியைச் சேசிஸில் தூக்கினால் ஆர்ம் தொங்கிப்போய் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயின்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த ஜாயின்ட்கூட நல்லதுபோல் நடிக்கும். ஆர்மைத் தாங்கித் தூக்கினால் அந்த அழுத்தத்தை ஜாக்கி வாங்கிக்கொள்ளும், ஜாயின்ட் உண்மையைச் சொல்லும். சக்கரம் தரையைவிட்டு இரண்டு விரற்கடை எழும்பியதும் சேசிஸுக்கு ஸ்டாண்டு வைத்துவிட்டு, டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து மெல்ல நெம்ப வேண்டும். இன்னொருவர் டார்ச் அடித்துக் கீழ் ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஆர்ம் அப்படியே இருக்க நக்கிள் மட்டும் மேலேறி இறங்கினால் ஜாயின்ட் போய்விட்டது.

அடுத்து டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றவாளி வீல் பேரிங்; நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் வந்தால் டை ராட் முனையைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு ஜாக்கி, ஒரு கடப்பாரை, இரண்டு பேர். இவ்வளவையும் செய்ய எந்தக் கம்பெனியின் அனுமதிப் பத்திரம் வேண்டும்?

“சரி, கண்டுபிடிக்கலாம். மாற்றுவது தேர்ச்சி பெற்றவர்கள் வேலை ஆயிற்றே” என்று அடுத்த வாதம் வரும். தேர்ச்சி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் தேர்ச்சி பெயர்ப்பலகையில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. அரசு ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை சேர்ந்து எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், மின்சாரம் என்று முழு வண்டியையும் அந்த இரண்டு ஆண்டுகளில் கற்றுக்கொள்கிறது. அதில் ஒரு சிறு துண்டுதான் இந்த ஜாயின்ட். அந்தப் பிள்ளையால் கற்க முடிந்ததை, வண்டியைக் காதலோடு வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரரால் மேனுவலைப் படித்தும் தெரிந்தவரிடம் கேட்டும் கற்க முடியாது என்று சொல்பவர்கள், கல்வியைப் பற்றியே தாழ்வாக எண்ணுகிறார்கள்.

கிண்டியில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்வது இன்னும் வேதனை. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி இந்த ஊரின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. நாட்டின் முன்னோடித் தொழிற்பேட்டைகளில் ஒன்று 1958-இல் இங்கேதான் எழுந்தது. பக்கத்து வேளச்சேரியில், 1929-இல் தொடங்கிய ரானே (மெட்ராஸ்) கம்பெனி பல பத்தாண்டுகள் ஸ்டியரிங் இணைப்புகளையும் பால் ஜாயின்ட்டுகளையும் செய்து நாடு முழுக்க அனுப்பியது. பால் ஜாயின்ட்டைப் பிறப்பித்த மண்ணில் வாழ்கிறவரிடம், அதைத் தொட உனக்கு அருகதை இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

வேலையை ஒழுங்காகச் செய்வது என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எதிர்வாதத்துக்கு உண்மையான பதில் இந்த ஒழுங்குதான். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரை விலக்கி, கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஓஸில் அதன் கனம் விழக் கூடாது. ஏ.பி.எஸ். ஒயரை நக்கிளிலிருந்து விடுவிக்க வேண்டும். முறுக்குத் தண்டு வண்டியானால் சரிசெய்யும் போல்ட்டில் குறியிட்டுத் தளர்த்தி, ஸ்பிரிங்கின் வலுவை இறக்க வேண்டும். தனி காயில் ஸ்பிரிங் ஆர்மில் நேராக உட்கார்ந்திருக்கும் அமைப்பானால் ஆர்முக்கு அடியில் இருக்கும் ஜாக்கியை வேலை முடியும்வரை எடுக்கவே கூடாது. அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும். நான்கு சக்கர இழுவைக்கென்று தனிக் கவனம் ஒன்று உண்டு: நக்கிளை வெளிப்பக்கமாகச் சாயவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிந்துகொள்ளலாம். அதையும் கட்டித் தாங்க வேண்டும்.

பிறகு கூம்பு வடிவத் தண்டை நக்கிளிலிருந்து விடுவிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். நட்டைத் தளர்த்தி, நான்கைந்து மரை மிச்சம் வைத்து அப்படியே விட்டுவிட வேண்டும். விடுபடும்போது ஆர்ம் சட்டென்று விழாமல் அந்த நட் தாங்கிக்கொள்ளும். புல்லரை மாட்டி இறுக்கிவிட்டு, நக்கிளின் கண்ணைச் சுற்றி இரும்பின் பக்கவாட்டில் சுத்தியால் கணக்காக ஓர் அடி. தண்டின் நுனியில் அடிக்கவே கூடாது. பல மாதம் துருவோடு ஒட்டியிருந்த கூம்பு ‘டக்’ என்று விடும். அப்போது கிழிந்த ரப்பரிலிருந்து வழிவதைப் பாருங்கள். கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கூழ் இருக்கும். தண்டை விரலால் ஆட்டினால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொங்கும். புதிய ஜாயின்ட்டின் தண்டை ஆட்ட இரண்டு கை வேண்டும். அந்த வித்தியாசத்தை ஒருமுறை கையில் உணர்ந்தவர் அதன் பிறகு வேகத்தடைச் சத்தத்தை அலட்சியம் செய்ய மாட்டார்.

புதியதை ஏற்றும்போது கூம்பும் கண்ணும் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். அங்கே கிரீஸ் தடவக் கூடாது. நட்டை டார்க் ரெஞ்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்க வேண்டும். ஸ்பிளிட் பின் துளை நேராக வராவிட்டால் அடுத்த வெட்டு வரும்வரை இன்னும் முறுக்கலாம், பின்னுக்குத் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதியதாக இருக்க வேண்டும். ஆர்மின் உள்முனை புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால் வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். இத்தனையும் முடிந்ததும், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

இப்போது கேட்கிறேன்: இதில் எந்த வரி வீட்டில் செய்ய முடியாதது? பாதுகாப்பைத் தருபவை புதிய ஸ்பிளிட் பின், சரியான முறுக்கு, துடைத்த கூம்பு, மறுபார்வை. இவை எங்கே நடந்தாலும் வண்டி பாதுகாப்பு, எங்கே நடக்காவிட்டாலும் ஆபத்து. ஒரு நாளில் இத்தனை வண்டி முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், ஏர் கன்னில் நட்டை ஏற்றிவிட்டு அடுத்த வண்டிக்கு நகரும் கை எங்கும் இருக்கக்கூடும். தன் பிள்ளையை ஏற்றிக்கொண்டு மறுநாள் காலை அதே வண்டியில் போகப்போகிறவருக்கு அந்த அவசரம் கிடையாது. எல்லா சர்வீஸ் சென்டர்களும் அலட்சியமானவை என்று நான் சொல்லவில்லை. அங்கே அருமையான கைகாரர்கள் இருக்கிறார்கள். கட்டடத்தின் பெயரைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

“வீட்டில் பிரஸ் இல்லையே” என்பது நியாயமான கேள்வி. எல்லா ஜாயின்ட்டும் ஒரே மாதிரி மாட்டப்படுவதில்லை. சிலவற்றில் போல்ட்டைக் கழற்றினால் போதும். சிலவற்றில் ரிவெட் அடித்திருக்கும். துளைத்தெடுத்து, அதற்கென்றே வரும் கெட்டிப்பட்ட போல்ட்டுகளைப் போட வேண்டும். சிலவற்றில் கிண்ணத்தை ஆர்முக்குள் அழுத்தி ஏற்றி, சர்க்லிப் போட்டிருப்பார்கள். இந்தக் கடைசி வகையைச் சுத்தியால் அடித்து ஏற்றுபவர் யாராக இருந்தாலும் தவறு செய்கிறார். சி வடிவ பிரஸ் வைத்திருந்தால் வண்டியில் வைத்தே செய்யலாம். இல்லாவிட்டால் ஆர்மைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். கிண்டியிலும் ஈக்காட்டுத்தாங்கலிலும் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் சிறு பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. “வெளி விளிம்பில் மட்டும் அழுத்துங்கள், மூடியில் அழுத்தம் விழ வேண்டாம்” என்று சொல்லிக் கொடுத்தால், உங்கள் முன்னாலேயே பழையதை இறக்கிப் புதியதை ஏற்றித் தருவார்கள். உதிரிபாகத்துக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருக்கிறது. அங்கே விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத பெட்டியை வாங்காதீர்கள். ஜாயின்ட்டில் போலிச் சரக்கு உண்டு. பில் கொடுக்கும் கடை, தெரிந்த கம்பெனி, இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். புதுப்பேட்டையில் பழைய பால் ஜாயின்ட் வாங்குவதை யோசிக்கவே கூடாது.

“ஜாயின்ட்டை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை, ஆர்ம் அசெம்ப்ளியையே மாற்றுங்கள்” என்ற அறிவுரையும் கவுன்ட்டரில் கிடைக்கும். ஆர்மோடு சேர்த்தே வார்த்து, தனியாகக் கழற்ற முடியாதபடி செய்யப்பட்ட வண்டிகளில் அதுதான் வழி. ஆர்ம் வளைந்திருந்தாலும், கிண்ணம் உட்காரும் துளை அகன்றிருந்தாலும், உள்முனை புஷ்ஷும் போயிருந்தாலும் அசெம்ப்ளியே சரி. மற்ற நிலைகளில், புஷ் நன்றாக இருக்க, ஆர்ம் நேராக இருக்க, ஜாயின்ட் தனியாகக் கிடைக்க, பல மடங்கு விலையுள்ள அசெம்ப்ளியைத் தலையில் கட்டுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கக் கூடாது. இந்த விலைதான் பலரைத் தள்ளிப்போட வைக்கிறது. அடுத்த மாதம், போனஸ் வந்ததும், தீபாவளிக்குப் பிறகு என்று தள்ளும் அந்த வாரங்களில்தான் உருண்டை கிண்ணத்தைவிட்டு வெளியேறுகிறது.

வாரன்ட்டி போய்விடும் என்ற பயம் அடுத்தது. 2011-இல் மூன்று கார் கம்பெனிகள் மீது வந்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், விசாரணையை விரித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தங்கள் டீலர்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியே விட்டால் பாதுகாப்பு கெடும் என்று கம்பெனிகள் வாதிட்டன. ஆணையம் அதை ஏற்கவில்லை. வெளியே பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரன்ட்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, தவறான வேலையால் வந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றது. மேல்முறையீடுகளும் வழக்குகளும் அதன் பிறகு நீண்டன. ஆணை பேசியது தனியார் ஒர்க்‌ஷாப்புகளைப் பற்றித்தான், வீட்டுப் பார்க்கிங்கைப் பற்றி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை வணிகக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட முடியாது என்ற அதன் அடிப்படை நமக்கும் பொருந்தும். 2022 டிசம்பர் 24-ஆம் தேதி, தேசிய நுகர்வோர் தினத்தில், ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இணையவாசலைத் திறந்தபோது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. வாரன்ட்டிக் காலத்துக்குள் ஜாயின்ட் தேய்ந்தால் அதைக் கம்பெனியிடமே மாற்றிக் கேளுங்கள், அது உங்கள் பணம். வாரன்ட்டி முடிந்த வண்டிக்கு இந்தப் பயம் எதற்கு?

மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கிறீர்கள் என்ற குரலுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் ஜாயின்ட் மாற்றுபவர் பிரஸ்ஸுக்கு லேத் பட்டறைக்குப் போகிறார். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டுக்குக் கடைக்குப் போகிறார். போயே ஆக வேண்டும். கேம்பர், காஸ்டர், டோ அளவுகள் மாறியிருக்கும், அதை யாரும் கண்ணளவில் சரிசெய்ய முடியாது. சந்தேகம் வந்தால் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம்தான் போய் நிற்கிறார். வேலை தெரிந்த வாடிக்கையாளர் நல்ல மெக்கானிக்கின் அருமையை அறிந்தவர். கூலியில் பேரம் பேசுபவர் அந்த நட்டை ஒருமுறைகூட முறுக்கிப் பார்க்காதவர்தான்.

எல்லோரும் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. சரிவான தெருவில் செய்யாதீர்கள். வெறும் ஜாக்கியின் பலத்தில் வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. டைல்ஸ் போட்ட பார்க்கிங்கில் ஸ்டாண்டு வழுக்கும், அடியில் கெட்டிப் பலகை கொடுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லாமல், மேனுவல் இல்லாமல், தனியாளாக இறங்காதீர்கள். கூம்பு உட்காரும் கண் அகன்றிருந்தாலோ, மரை போயிருந்தாலோ, பாதியில் சந்தேகம் வந்தாலோ நிறுத்திவிட்டு வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள்; அதில் மானக்கேடு எதுவும் இல்லை. பழைய ஜாயின்ட்டை வெல்டிங் வைத்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்: முன்சக்கரத்தில் கை வைக்கலாம். அறியாமல் கை வைப்பதைத்தான் தடுக்க வேண்டும். அதற்கு மருந்து அறிந்துகொள்வது. பயமுறுத்தித் தள்ளி நிறுத்தினால் அறியாதவர்களின் எண்ணிக்கைதான் பெருகும், ஆட்டம் கண்ட வண்டிகளின் எண்ணிக்கையும் கூடவே பெருகும். பிக்கப் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அக்டோபரில் மழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் முன்சக்கரங்களைத் தூக்கி, நான்கு ரப்பர் உறைகளையும் பாருங்கள், கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் நீங்களே மாற்றுங்கள், அல்லது மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மாற்றாமல் மட்டும் அந்த வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.